குடில் பெட்டியில் விருந்தாளி

எவர்சில்வர் டப்பாக்களுக்குப் பின்னால் சிதறிக் கிடந்தது கருஞ்சீரகம் என்றுதான் ஷைனி முதலில் நினைத்தாள். ஒன்றை விரலால் எடுக்கப் போனவள், இந்த வீட்டில் கருஞ்சீரகம் வாங்கினதே இல்லையே என்று சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். எலிப்புழுக்கை.

மாமியார் கண்ணில் படுவதற்குள் கூட்டித் தள்ளிவிட வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறெதுவும் தோன்றவில்லை. ரோசி நவநாள் ஜெபத்துக்குக் கோயிலுக்குப் போயிருந்தாள். ஷைனி துடைப்பத்தை எடுத்து சமையல் மேடையையும், அதற்கு மேலிருந்த பரணின் விளிம்பையும் பரபரவென்று கூட்டினாள். பரணிலிருந்து புழுதி மேகமாக இறங்கியது. தும்மல் மேல் தும்மல். வயிற்றில் இருக்கும் ஐந்து மாதப் பிள்ளை அதிர்ந்திருக்குமோ என்று தடவிப் பார்த்துக்கொண்டாள். அள்ளியதைக் குப்பைக்கூடையில் கொட்டி மூடியதும், விஷயம் அதோடு முடிந்தது என்று நிம்மதியாக இருந்தாள்.

முடியவில்லை. மறுநாள் காலை ரோசி சர்க்கரை டப்பாவை எடுத்ததுதான் தாமதம், அதன் பின்னாலிருந்து ஒரு சுண்டெலி, வாடகை கொடுத்துக் குடியிருப்பதுபோல சாவகாசமாக நடந்து பரணுக்கு ஏறியது.

"யேசுவே! டேய் பென்னி! எலிடா!"

ராயபுரம் முழுக்கக் கேட்டிருக்கும். ஷைனியின் கணவன் பென்னி பல் துலக்கிய நுரையோடு ஓடி வந்தான்.

"இந்த வூட்டுக்கு நான் மருமவளா வந்த நாள்லேர்ந்து ஒரு எலி வாலக் காட்டினது கெடையாது" என்றாள் ரோசி. "இப்ப மட்டும் எங்கேர்ந்து வந்துச்சு? அர்த்த ராத்திரியில எழுந்து பிஸ்கெட்டத் துன்னுட்டு, பாக்கெட்டத் தொறந்தமேனிக்கு வச்சா வராம இன்னா பண்ணும்?"

ஷைனி தலை குனிந்தாள். பிஸ்கெட் உண்மை. அவளுக்கு நேரங்கெட்ட நேரத்தில் பசித்தது.

"சரி, வுடு. எங்க ஒண்ணுவிட்ட தம்பிக்கு எலிக்காய்ச்சல் வந்து பட்ட பாட்ட நான் கண்ணால பாத்தவ. வயித்துல புள்ளைய வச்சிகினு இங்க இருக்க வேணாம். எண்ணூருக்குப் போய் அம்மா வூட்ல இரு. கிறிஸ்துமஸ் திருநாள் முடிஞ்சு வந்தாப் போதும்."

சொன்ன கையோடு நீல நிறப் பையை எடுத்து, ஷைனியின் நைட்டிகளை மடித்து வைக்கத் தொடங்கிவிட்டாள்.

ஷைனி கணக்குப் போட்டுப் பார்த்தாள். பென்னி கப்பல்காரன். மாதக்கணக்கில் கடலில் இருந்துவிட்டு இப்போதுதான் வந்திருக்கிறான். ஜனவரி முதல் வாரத்தில் வரும் மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்ததும் மறுபடி கிளம்ப வேண்டும். அடுத்து வரும்போது பிள்ளை தவழ்ந்துகொண்டிருக்கும். எண்ணூர் வீடு ஒற்றை அறை. அங்கே போனால் பென்னி விருந்தாளியைப் போல வந்து, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, டீ குடித்துவிட்டுப் போவான். அதுதான் அவர்களுடைய கிறிஸ்துமஸ்.

"நான் கிளீன் பண்ணிடறேன்மா. கப்பல்ல இத்த விட கலீஜெல்லாம் பாத்துகீறேன்."

"கப்பல்ல உன் பொண்டாட்டி மாசமா கீறாளா? எனக்கு ஏற்கெனவே ஒரே பேஜாரு. குடில் வைக்கணும், கேவுரு வெதைக்கணும். வெதைக்குன்னு பத்திரமா எடுத்து வச்ச கேவுர வேற எங்க வச்சேன்னே தெரியல."

கிறிஸ்துமஸ் குடிலைச் சுற்றிப் பசும்புல் வேண்டும் என்று, டிசம்பர் தொடக்கத்திலேயே தட்டில் மண் பரப்பிக் கேழ்வரகு தூவுவது அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் வழக்கம். ரோசி வீட்டுப் புல்தான் தெருவிலேயே உயரம் என்று அவளுக்கு ஒரு பெருமை உண்டு.

பென்னி வாதாடவில்லை. மாடிப்படியில் நின்று, "ஜானட்டக்கா!" என்று குரல் கொடுத்தான். மாடி வீட்டு ஜானட் சுகாதார நிலையத்தில் நர்ஸ். டூட்டிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தவள், தலை சீவிய சீப்போடு இறங்கி வந்தாள்.

"மொதல்ல தொடப்பத்த எடுத்து ஒளிச்சு வைங்க" என்றாள். "காய்ஞ்ச புழுக்கையக் கூட்டினா தூசியாப் பறந்து மூக்குக்குள்ள போயிடும். அதுலதான் கெடுதலே. ஜன்னலத் தொறந்து வுட்டு அரை மணி நேரம் காத்தாடட்டும். அப்புறம் பிளீச்சிங் பவுடர் தண்ணியத் தெளிச்சு, நல்லா ஊற வுட்டு, ஈரத்தோட தொடைச்சு எடுக்கணும். கைக்கு கிளவுஸ், மூக்குக்கு மாஸ்க். மாசமா இருக்கறவங்க அந்தப் பக்கமே வரக் கூடாது."

ஷைனி மூலையில் கிடந்த துடைப்பத்தைப் பார்த்தாள். நேற்றுக் கூட்டியதைச் சொன்னால், ஆட்டோ இப்போதே வாசலுக்கு வந்துவிடும். சொல்லாவிட்டால்? வயிற்றுக்குள் மீன்குஞ்சு துள்ளுவதுபோல் ஒரு துள்ளல். ஏதோ கேள்வி கேட்பதுபோல் இருந்தது அவளுக்கு.

"அக்கா, நான் நேத்தே கூட்டிட்டேன். தூசி மூஞ்சியெல்லாம் பட்டுச்சு. நிறையத் தும்மினேன்."

தெருமுனையில் கண்டெய்னர் லாரி ஒன்று ஹாரன் அடித்து ஓய்ந்தது. ரோசி கையிலிருந்த நைட்டியோடு அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். பென்னி வந்து ஷைனியின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"சொன்னியே, அதுவே பெரிய விஷயம்" என்றாள் ஜானட். "ஒண்ணும் ஆகாதுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா எல்லாருக்கும் வந்துடறதும் இல்ல. நாளைக்குக் காலைல டாக்டரம்மா இருப்பாங்க, வந்து காட்டு. நடுவுல ஜுரம், ஒடம்பு வலி எது வந்தாலும் ஒடனே கிளம்பு. போனதும் எலி சமாச்சாரத்த மொதல்ல சொல்லு. மறைக்கறதுதான் ஆபத்து, தெரிஞ்சுதா?"

"போவ சொல்லு ஜானட் அவள, எண்ணூருக்கு!" என்றாள் ரோசி அழுகுரலில்.

"எதுக்கு? அங்க எலி இல்லன்னு எழுதிக் குடுத்திருக்காங்களா? வூட்டச் சுத்தம் பண்ணி ஓட்டைய அடைங்க. அதுவரைக்கும் அவ வாசல்ல இருக்கட்டும். சாப்பாடு எங்க வூட்ல."

சற்று நேரத்தில் பென்னி கப்பலில் போடும் ஆரஞ்சு நிற பாய்லர் சூட், ரப்பர் கையுறை, கண்ணாடி, மாஸ்க் சகிதம் வந்து நின்றான்.

"இன்னாடா, ராக்கெட்ல ஏறப் போறியா?" என்றாள் ரோசி, கவலைக்கு நடுவிலும்.

ஷைனி தெருவில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எதிர்ப்பக்கத்திலிருந்து சமையலறை ஜன்னலைப் பார்த்தாள். உள்ளே பென்னி டப்பா டப்பாவாக இறக்கினான், தெளித்தான், துடைத்தான், பையில் போட்டுக் கட்டினான். திடீரென்று ஜன்னல் பக்கம் வந்து மாஸ்க்குக்குள்ளிருந்து என்னவோ சொன்னான்.

"என்னது?"

மறுபடியும் சொன்னான். கொழகொழவென்று கேட்டது. அவள் காதில் கையை வைத்துக் காட்டினாள். மூன்றாவது தரம் கத்தினான்.

வாசற்படியில் நின்ற ரோசிக்குத்தான் அது புரிந்தது. "'வெயில்ல அழகா கீற'ன்றான். இத்தச் சொல்லவாடா இந்தக் கத்து கத்தின?"

தெருவே சிரித்தது. ஷைனி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அடுத்து அவன் கத்தியது வேறு மாதிரி இருந்தது. "அம்மா! குடில் பெட்டிக்குள்ள கூடு கட்டிகீது!"

பரணில் குடில் சாமான்கள் இருந்த அட்டைப்பெட்டியை நன்றாக நனைத்து ஊறவைத்து, வாசலில் கொண்டுவந்து வைத்திருந்தான். வைக்கோலுக்கு நடுவே, பனிக்காக வைத்த பஞ்சால் மெத்தை; எலி ஓடிவிட்டிருந்தது. ஓர் ஆட்டுக்குட்டி பொம்மைக்குக் காது இல்லை. சூசையப்பர் சொரூபத்தின் காலடியில், மறைந்த மாமனார் லியோனார்டின் பழைய லுங்கியில் தைத்த சின்னப் பை. அதில் ஒரு ஓட்டை, சுற்றிலும் உமி.

"இது இன்னாம்மா?"

ரோசி எட்டி நின்று பார்த்தாள். பிறகு மெல்லிய குரலில், "என் கேவுரு" என்றாள்.

"குடில் பெட்டில எதுக்கும்மா வச்ச?"

"மறந்துடக் கூடாதுன்னுதான்டா!"

எதிர்ப்பக்கத்து நாற்காலியில் இருந்த ஷைனி எவ்வளவோ அடக்கிப் பார்த்தாள். "அப்ப பிஸ்கெட் இல்லியா அத்தே?" என்று கேட்டதுமே சிரிப்பு பீறிட்டது.

"சிரிக்காதடி, வயிறு அதிரப் போவுது" என்ற ரோசிக்கும் உதடு துடித்தது. "ஒரு வருசமா சோறு போட்டு வளத்துகீறேன் பாரு அந்த எலிய."

அன்றைக்கே வைக்கோலும் பெட்டியும் பைகளில் கட்டப்பட்டுப் போயின. சொரூபங்கள் பிளீச்சிங் தண்ணீரில் மூழ்கி எழுந்தன. பென்னி சோப்புப் போட்டுக் குளித்த குளியலில் தொட்டி காலியானது. மறுநாள் டாக்டரம்மா ஷைனி சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டு, சோதித்துப் பார்த்து, பிள்ளையின் இதயத்துடிப்பு நன்றாக இருக்கிறது என்றார். சில வாரங்களுக்குக் காய்ச்சல் வருகிறதா என்று மட்டும் கவனிக்கச் சொன்னார். சுத்தம் செய்தாயிற்றென்றால் வீட்டிலேயே இருக்கலாம் என்றார்.

அவர்கள் திரும்பி வந்தபோது, ரோசி நீலப் பையிலிருந்து ஷைனியின் நைட்டிகளை எடுத்து அலமாரியில் அடுக்கிவிட்டு, தன் புடவைகளை உள்ளே வைத்துக்கொண்டிருந்தாள்.

"எங்க அத்தே?"

"எண்ணூருக்கு. எலிக்கு விருந்து வச்சவ நானு, நான்தான் போவணும். சம்மந்தியம்மாவப் பாத்தும் ரொம்ப நாளாச்சு." பையை மூடியபடி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "ஞாயித்துக்கெழம பூசைக்கு வந்துடுவேன். அதுவரிக்கும் வூடு உங்களுது. டேய், கேவுரு புதுசா வாங்கித் தகர டப்பாவுல போட்டு மூடி வை, நைனா."

ஆட்டோ தெருமுனை திரும்பும்வரை ஷைனி கையாட்டிக்கொண்டிருந்தாள். திரும்பி உள்ளே வந்தால், பென்னி மறுபடியும் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு, பரண் மூலையில் இருந்த ஓட்டையில் கம்பி நாரைத் திணித்து சிமெண்ட் பூசிக்கொண்டிருந்தான். ஏணியில் நின்றபடியே அவளைப் பார்த்து என்னவோ சொன்னான். கொழகொழவென்றுதான் கேட்டது.

"எறங்கு" என்றாள் ஷைனி, கூடத்திலிருந்தே. "கையக் கழுவு. மாஸ்க்கக் கழட்டு. மொழிபெயர்க்க இப்ப அத்த இல்ல. கிட்ட வந்து சொல்லு."