யெர்கோ வந்து சேரும் நேரம்

14 அக்டோபர், செவ்வாய். ஸ்ப்ளிட்.

கூட்ட வேண்டிய ஐந்து மணி நேரத்தைக் கழித்துவிட்டேன். சிறிய தவறுதான். ஆனால் அது அக்காவின் கல்யாணத்தில் போய் விழுந்திருக்கிறது.

மாலை வகுப்பில், ஊர்களின் நேர வித்தியாசம் பற்றிய போன வாரப் பயிற்சித்தாள் திரும்பி வந்தது. ஆசிரியை சிவப்பு மையில் எழுதியிருந்தார்: "கிழக்கே வந்தால் கூட்ட வேண்டும்." யெர்கோவுக்கும் நான் இதே மாதிரி கழித்துத்தான் கணக்குப் போட்டுக் கொடுத்திருந்தேன்.

யெர்கோ மாப்பிள்ளைத் தோழன்; மாப்பிள்ளை லோவ்ரேவின் நண்பன். சிலேயில், அந்தோஃபகஸ்தா பக்கம் செப்புச் சுரங்கத்தில் வேலை. இங்கிருந்து பதினோராயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர், நேரத்தில் ஐந்து மணி பின்னால். வெள்ளி பகல் ஒரு மணிக்குக் கிளம்புகிறான். பறக்கும் நேரம் பதினேழரை, காத்திருப்பு ஒன்பதரை, மொத்தம் இருபத்தேழு மணி. சனி காலை பதினொன்றுக்கு வந்துவிடுவான் என்று எழுதி, குளிர்பெட்டியில் ஒட்டியும் வைத்தேன். கல்யாணம் சனி மாலை ஐந்துக்கு, எதிரே தீவில், சுபெதாரில்.

வீட்டுக்கு வந்ததும் அவனுக்குப் போன் செய்தேன்.

"டிக்கெட்ல வந்து சேர்ற நேரம் என்ன போட்டிருக்கு?"

"ராத்திரி ஒன்பது. எந்த ஊர் நேரமோன்னு விட்டுட்டேன். நீதானே படிக்கிற பொண்ணு?"

காலை விமானத்துக்கு மாற்றச் சொன்னேன். டிக்கெட் எடுத்த அன்றைக்கு அதில் இடம் இருந்தது. மத்தியானமே போதும் என்றவள் நான். இப்போது நிரம்பிவிட்டதாம். வியாழன் இரவு வரை அவனுக்குச் சுரங்கத்தில் வேலை. தீவுக்குக் கடைசிக் கப்பலோ எட்டரைக்கு.

தோன்கா அக்கா கதவருகில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"உலகத்தையே சுத்தி வர்றவன் சரியா வர்றான். அஞ்சைக் கூட்டத் தெரியலையாடி உனக்கு?"

"வேற யாராவது தோழனா நின்னா..."

"அதை லோவ்ரேகிட்ட நீயே சொல்லு. கடல்ல முங்கினப்போ அவனை இழுத்துக் கரை சேர்த்தவன் யெர்கோ. அவன் இல்லாம சர்ச் வாசப்படி மிதிக்க மாட்டேங்குறான். நூத்தி இருபது பேருக்கு ஆடு சொல்லியாச்சு. உன் கணக்குக்காகக் கல்யாணத்தை ஞாயித்துக்கிழமைக்குத் தள்ளினா, அதுவரைக்கும் அது உசிரோட இருக்குமா?"

"இருக்கும் அக்கா. வெள்ளிக்கிழமைதான் அறுக்கிறதா இருந்தாங்க, சனிக்கிழமைன்னு மாத்திச் சொல்லிடலாம்."

அவள் சிரிக்கவில்லை. நானும் சிரிக்க வைக்கச் சொல்லவில்லை. தெரிந்த ஒன்றையாவது சரியாகச் சொல்ல நினைத்தேன்.

"பாதிரியார்கிட்ட நான் பேச மாட்டேன். நீ போ" என்று அறைக்குள் போய்விட்டாள்.

ஒட்டிய தாளைக் கிழித்துவிட்டு மூன்று முறை கூட்டிப் பார்த்தேன். மூன்று முறையும் ஒன்பதுதான். டிக்கெட்டிலேயே ஒன்பது என்று அச்சாகியிருக்கும்போது எதற்குக் கூட்டுகிறேன் என்று எரிச்சலாக வந்தது.

நாளை: காலை 6.15 கப்பலில் சுபெதார். ஏழரைப் பூசைக்கு முன் பாதிரியாரைப் பார்த்து, ஞாயிறு மதியம் பன்னிரண்டு மணி கேட்க வேண்டும். பிறகு ஆட்டுக்காரரிடம் சொல்ல வேண்டும்.