படிவத்தில் இல்லாத கேள்வி

வெய்யோ ரிஸ்ஸனென் நிரப்பிக் கொடுத்த படிவத்தை ஹில்க்கா நம்பவில்லை. சூதாடுகிறீர்களா, தேவையில்லாததை வாங்கிக் குவிக்கிறீர்களா, அளவுக்கு மீறிச் சாப்பிடுகிறீர்களா, உடல் ஆசை கட்டுக்கடங்காமல் போகிறதா என்று அதில் இருபத்தெட்டுக் கேள்விகள். இருபத்தெட்டுக்கும் 'ஒருபோதும் இல்லை' என்ற கட்டத்தில் நீலப் பேனாவால் குறி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்தான், நான்கு தடவையும் அப்படியே குறி போட்டுவிட்டுப் போனான்.

பின்லாந்தின் குவோபியோ நகரத்தில் இருபத்திரண்டு வருடமாகப் போதைப் பழக்கம் மூளையை என்ன செய்கிறது என்று ஆராய்கிறவள் ஹில்க்கா. வாய் சொல்வதை நம்புகிற வழக்கம் அவளை விட்டுப் போய் வெகுகாலமாகிவிட்டது. குடியை விட்டுவிட்டேன் என்று சத்தியம் செய்தவர்கள் அவளுடைய வாசலைத் தாண்டிய கையோடு மதுக்கடைக்குப் போனதை அவள் பார்த்திருக்கிறாள்.

இப்போதைய ஆய்வு மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி வந்தவர்களைப் பற்றியது. வாரம் இரண்டு மாத்திரை. டோபமின் என்ற இரசாயனம் மூளையில் செய்யும் வேலையை அந்த மாத்திரை செய்யும், கட்டி சுருங்கிவிடும். ஆனால் மூளையின் இன்னொரு மூலையில் அதே டோபமின்தான் 'இன்னும் ஒரு தடவை, இன்னும் ஒரே ஒரு தடவை' என்று தூண்டிவிடுவது. சீட்டைக் கையால் தொடாதவர்கள்கூட மாத்திரை தொடங்கிய சில மாதங்களில் மளிகைக் கடை வாசலிலுள்ள சூதாட்ட இயந்திரத்தின் முன்னால் மணிக்கணக்கில் நின்றிருக்கிறார்கள். யாருக்கு அப்படி ஆகிறது, யாருக்கு ஆவதில்லை என்று அறிய முப்பத்தெட்டு நோயாளிகளைச் சேர்த்திருந்தாள்.

வெய்யோவுக்கு வயது நாற்பத்தேழு, நகரப் பேருந்து ஓட்டுநர். கட்டி பார்வை நரம்பை அழுத்தி இரண்டு ஓரத்துப் பார்வையும் மங்கி, உரிமத்தைப் பறிகொடுத்தவன். மாத்திரை எட்டே மாதத்தில் கட்டியைப் பாதியாக்கியது. பார்வை திரும்பியது, பேருந்தும் திரும்பியது. இப்படிப்பட்டவன் மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிடுவார்களோ என்று பயந்து எதை வேண்டுமானாலும் மறைப்பான் என்பது ஹில்க்காவின் கணக்கு.

மூளையைப் படமெடுத்தபோது சந்தேகம் இன்னும் வலுத்தது. இயந்திரத்துக்குள் படுத்திருப்பவர் கண்முன் ஒரு திரை இருக்கும். சூதாட்டம், கேக், கட்டிப்பிடித்த உடல்கள் என்று ஆசையைக் கிளறும் படங்கள் அதில் வரும். நடுநடுவே யாரையும் எதுவும் செய்யாத படங்கள் வரும்: காட்டுத் தரை, பாசி, புதர். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஹில்க்காவே எடுத்துச் சேர்த்தவை அவை. வெய்யோவின் மூளை சூதாட்டத்துக்கு அசையவே இல்லை. புதருக்குக் கொழுந்துவிட்டு எரிந்தது.

எல்லாம் தலைகீழ். அப்படியானால் யாரோ கோப்புகளை மாற்றிப் பெயரிட்டிருக்கிறார்கள். மூளைப் படங்களைக் கணினியில் பிரித்தெடுக்கிறவன் எஸ்கோ, ஆறு வருடமாகக் கூட வேலை செய்கிறவன். அவனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஹில்க்கா கடவுச்சொல்லை மாற்றினாள். சனி ஞாயிறு இரண்டு நாளும் தனியாக உட்கார்ந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து போட்டுப் பார்த்தாள். ஒரு பிழையும் இல்லை. திங்கட்கிழமை கோப்பைத் திறக்க முடியாமல் எஸ்கோ அவள் அறை வாசலில் வந்து நின்றான். பாதுகாப்பு விதி என்று ஏதோ சொன்னாள். அவன் திரும்பிப் போனான். அன்றிலிருந்து அவளோடு காபி குடிப்பதை விட்டு, கோப்பையைத் தன் மேசைக்கே எடுத்துக்கொண்டு போனான்.

பிறகு பழி வெய்யோ மேலேயே திரும்பியது. பல வருடத்துக்கு முன் ஒரு ஆள் இயந்திரத்துக்குள் படுத்தபடியே மனதுக்குள் கணக்குப் போட்டுச் சோதனையை ஏமாற்றியிருக்கிறான். இவனும் அந்த ரகம்தான் போல என்று நினைத்துக்கொண்டாள்.

செப்டம்பர் நடுவில் வெய்யோவின் மனைவி மார்கெத்தா நேரம்கூடக் கேட்காமல் வந்துவிட்டாள். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்க்கிறவள். மாத்திரைப் பெட்டியோடு வரும் துண்டுத்தாளை நாலாக மடித்துக் கையில் வைத்திருந்தாள்.

"இதுல போட்டிருக்கே, இந்த மாத்திரை சாப்பிட்டா ஆசை ஜாஸ்தியாகும்னு. வேற பொண்ணைத் தேடிப் போற அளவுக்கு ஆகுமா?"

ஆய்வில் இருப்பவரைப் பற்றித் தான் எதுவும் பேசக்கூடாது, நீங்கள் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன் என்றாள் ஹில்க்கா. மார்கெத்தா கொட்டித் தீர்த்தாள். வேலை இரண்டு மணிக்கு முடிகிறது, வீட்டுக்கு எட்டுக்கு வருகிறான். கூடுதல் வேலை என்கிறான், பணிமனையில் கேட்டால் அப்படி ஒன்றும் இல்லையாம். தலை ஈரமாக, எங்கேயோ குளித்துவிட்டு வருகிறான்.

"எங்க வீட்டு சோப்பு வாசனை இல்ல அது. இருபத்து மூணு வருஷம் கூட இருந்தவளுக்குத் தெரியாதா? கையைப் பிடிச்சா வெடுக்குன்னு இழுத்துக்கிறான். சாப்பிட உட்காந்தா தனக்குத்தானே சிரிச்சுக்கிறான்."

கேட்கக் கேட்க ஹில்க்காவுக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. தான் சந்தேகப்பட்டது சரிதான். அந்தச் சந்தோஷத்தை நினைத்து உடனே வெட்கமாகவும் இருந்தது. அவனை இங்கே அனுப்பி வையுங்கள் என்றாள்.

"வருவான், குறி போடுவான், போவான்," என்றாள் மார்கெத்தா.

வியாழக்கிழமை மூன்றரை மணிக்கு அவளே தொலைபேசியில் கூப்பிட்டாள். தங்கையின் காரை இரவல் வாங்கிக்கொண்டு அவன் பின்னாலேயே போயிருக்கிறாள். நகரத்திலிருந்து நாற்பது கிலோமீட்டர் தள்ளி, ஏரிக்கரையில், அவனுடைய செத்துப்போன மாமாவின் கோடை வீடு. வெய்யோவின் கார் அங்கே நிற்கிறது.

"சவுனாக்குள்ள இருக்கான். விடாம பேசிக்கிட்டே இருக்கான், யாரோ கூட இருக்காங்க. தனியா கதவைத் திறக்க எனக்குத் தைரியம் வரல. எனக்கு வேற யாரையும் கூப்பிடத் தோணல டாக்டர்."

போகக்கூடாது என்று ஹில்க்காவுக்கு நன்றாகத் தெரியும். ஆய்வில் இருப்பவரின் இடத்துக்கு அழைக்காமல் போவது விதிமீறல். அந்தப் பெண் தனியாக இருக்கிறாளே என்று சமாதானம் சொல்லிக்கொண்டுதான் காரை எடுத்தாள். உண்மையில் அந்தப் பொய்யைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்ற துடிப்பு அவளுக்கு.

சவுனா என்ற அந்த நீராவிக் குளியல் குடிலுக்குப் பத்தடி முன்னாலேயே புளித்த வாடை அடித்தது. ஏரிப் படியில் ஒரு சோப்பும் துண்டும் கிடந்தன. கதவிடுக்கில் குளவிகள் மொய்த்தன. உள்ளேயிருந்து ஆண் குரல் மெதுவாக, ஒரே சீராக வந்தது: "இது பெரிசு. இது நடுத்தரம். இது பெரிசு." பதில் சொல்ல எந்தக் குரலும் இல்லை.

ஹில்க்கா கதவைத் தள்ளினாள். வியர்க்க உட்காரும் பலகைகள் முழுக்க வாளிகள், தொட்டிகள், பெயின்ட் டப்பாக்கள். எல்லாவற்றிலும் புவோலுக்கா, காட்டில் பறித்த சிவப்புப் பழம், கூரை முட்ட. அடியில் இருந்தவை பூசணம் பிடித்து, சாறு தரையில் ஓடிச் சாக்கடைத் துளையில் இறங்கிக்கொண்டிருந்தது. நடுவில் முக்காலி போட்டு வெய்யோ உட்கார்ந்திருந்தான். முட்டை அடுக்கும் அட்டைகளில் குழிக்கு ஒரு பழமாக அளவு பார்த்து வைத்துக்கொண்டிருந்தான். விரல் நுனிகள் கறுத்துச் சிவந்து வெடித்திருந்தன. தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்டவன்போல நிமிர்ந்தான்.

"யார் இருக்கா இங்க?" என்றாள் மார்கெத்தா.

அவன் சுற்றிலும் பார்த்தான். "யாரும் இல்லையே."

"எதுக்குடா இதெல்லாம்? வீட்ல ரெண்டு ஃப்ரீசரும் நிறைஞ்சு கிடக்கே."

"அதனாலதான் வீட்டுக்குக் கொண்டுவரல."

மார்கெத்தா வெளியே போய்ப் படியில் உட்கார்ந்தாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று ஹில்க்காவால் கண்டுபிடிக்க முடியவில்லை. "ஒரு பொண்ணு இருந்திருந்தா சண்டையாவது போட்டிருப்பேன்," என்றாள், யாரிடமும் சொல்லாததுபோல.

ஏன் என்னிடம் மறைத்தீர்கள் என்று ஹில்க்கா வெய்யோவைக் கேட்டாள்.

"எதை மறைச்சேன்?" உண்மையாகவே அவனுக்குப் புரியவில்லை. "சூதாடுறீங்களான்னு கேட்டீங்க. ஆடல. வாங்கிக் குவிக்கிறீங்களான்னு கேட்டீங்க. ஒரு சட்டைகூட வாங்கல. பழம் பறிக்கிறீங்களான்னு நீங்க கேக்கவே இல்லையே. இந்த ஊர்ல யார் பறிக்காம இருக்காங்க?"

ஹில்க்கா பக்கத்திலிருந்த கவிழ்த்த வாளியின்மேல் உட்கார்ந்தாள். காட்டுத் தரை, பாசி, புதர். அந்தப் படங்களில் இருந்த புதர் இந்தப் பழத்தின் புதர்தான். எஸ்கோ பொய் சொல்லவில்லை, இவன் சொல்லவில்லை, இயந்திரமும் சொல்லவில்லை. யாரையும் எதுவும் செய்யாது என்று அந்தப் படங்களைத் தேர்ந்தெடுத்தவள் அவள்.

வெய்யோ கையிலிருந்த பழத்தைக் கீழே வைக்கவில்லை. "விரல் ஓடிக்கிட்டே இருக்கிற வரைக்கும் நல்லா இருக்கு. நிறுத்த முடியல. பஸ் ஓட்டுறப்பவும் கண்ணு ரோட்டோரப் புதருக்குத்தான் போகுது." பழத்தை உள்ளங்கையில் உருட்டினான். "இப்போ இதைச் சொன்னா மாத்திரையை நிறுத்திடுவீங்க. கண்ணு போயிடும். ஆனா நேத்து ஒரு நிறுத்தத்தைத் தவற விட்டுட்டேன். ஒரு அம்மா கத்தினப்புறம்தான் தெரிஞ்சுது."

அன்று மாலையே அவன் பணிமனைக்குப் போய்ப் பேருந்துச் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தான். மருத்துவர்கள் மாத்திரையைக் குறைத்து நிறுத்தினார்கள். ஆறு வாரத்தில் கை அடங்கியது. நவம்பரில் மூக்கு வழியாகக் கருவி விட்டுக் கட்டியை எடுத்தார்கள், முழுவதும் வரவில்லை. வலது ஓரத்துப் பார்வை கொஞ்சம் போனது போனதுதான். இப்போது பணிமனையில் உட்கார்ந்து மற்றவர்களுக்கு வேலை நேரம் பிரித்துக் கொடுக்கிறான். ஹில்க்காமேல் அவனுக்குக் கோபமில்லை. பரிசோதனைக்கு வந்தபோது, அந்த மத்தியானங்களில் இருந்த நிம்மதி இனிமேல் தனக்கு வராது என்று மட்டும் சொன்னான்.

அழைக்காமல் போனதை அவளே நெறிமுறைக் குழுவுக்கு எழுதினாள். எழுத்தில் கண்டனம் வந்தது. எஸ்கோவின் மேசைக்குப் போய் மன்னிப்புக் கேட்டாள். "என்னைக் கேட்டிருந்தா முதல் நாளே சொல்லியிருப்பேன்," என்றான் அவன். "படத்துல தப்பில்ல, அந்த ஆளைப் போய்ப் பாருங்கன்னு."

பிறகு மற்ற முப்பத்தேழு பேரையும் ஒவ்வொருவராகத் தொலைபேசியில் அழைத்தாள். படிவம் இல்லை. உங்கள் நாளெல்லாம் எப்படிப் போகிறது என்று மட்டும் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருந்தாள். முதல் பத்துப் பேர் வானிலையைப் பற்றிப் பேசினார்கள். பதினொன்றாவது ஈசல்மி ஊரில் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருத்தி. அவளும் முதலில் வானிலையைத்தான் சொன்னாள்.

"தையல் மெஷினைக் கழட்டி மாட்டுறதைச் சொல்லலாமா?" என்றாள் கடைசியில். "தினமும் செய்றேன். தைக்கிறதே இல்ல."

"சொல்லுங்க," என்றாள் ஹில்க்கா.