இறங்கி வாக்கா

பழைய கிடங்கு ஒன்றைக் காலி செய்து, சுவரெல்லாம் கறுப்புத் துணி கட்டி அரங்கமாக்கியிருந்தார்கள். கூட்டம் உள்ளே வர ஆரம்பித்திருந்தது. அக்கா மேடையேறி நேராகத் தம்பியின் ஆம்ப்ளிஃபையரிடம் போனாள். சிவப்பு விளக்கு எரிந்தது. சத்தம்தான் இல்லை.

தம்பி இறந்து ஒரு மழைக்காலம் போய்விட்டது. அவன் குழுவை வீட்டில் யாரும் இசைக்குழு என்று ஒப்புக்கொண்டதில்லை. மூன்று தடியன்கள் ஒரே சுருதியைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் நிற்பார்கள். "பாட்டு எப்பப்பா ஆரம்பிக்கும்?" என்று அப்பா ஒருமுறை கேட்டார். கச்சேரி முடிந்த பிறகுதான் கேட்டார். அக்காவின் பாட்டு மட்டும் என்ன வாழ்ந்தது? சாவும் வெள்ளமும் தொலைந்த பிள்ளைகளுமாக வருகிற பழைய பாடல்களைத்தான் அவள் பாடுவாள். "ரெண்டு பேரும் சேர்ந்தா எழவு வீடுதான்" என்பது நண்பர்களின் கிண்டல். அப்படிச் சேர்ந்துதான் பார்ப்போமே என்று இந்தக் கச்சேரியை ஏற்பாடு செய்தவன் தம்பி.

அவனுடைய ஆம்ப்ளிஃபையர் பெட்டி பழசு. கிடாரைத் தொடாமலே, சுவிட்சைப் போட்டதும் 'ம்ம்ம்' என்று அடித்தொண்டையில் இரையும். அந்த இரைச்சலையே சுருதியாக வைத்து அக்கா பாடிப் பழகினாள். பதற்றம் வந்தால் அவள் குரல் ஒரு மயிரிழை மேலே போய்விடும். தம்பி தலையைத் திருப்பாமலே சொல்வான்: "இறங்கி வாக்கா." வீட்டிலும் அதே பல்லவிதான். அப்பாவோடு சண்டை போட்டுச் சாப்பிடாமல் கிடந்தாலும் கதவுக்கு வெளியே நின்று, "இறங்கி வாக்கா."

அவன் போன பிறகு சாயங்காலமானால் அக்கா அந்தப் பெட்டியைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். "ஆளே இல்லாம எதுக்குடி இது ஓடுது?" என்று அம்மா முதலில் திட்டினாள். அப்புறம் அவளே காய் நறுக்கும் தட்டைத் தூக்கிக்கொண்டு அங்கே வந்து உட்கார்ந்தாள்.

இன்றைக்கு முதல் பாட்டு இப்படித்தான் என்று முடிவாகியிருந்தது: தம்பியின் இடத்தில் பெட்டி மட்டும் இரையும், அதன்மேல் அக்கா பாடுவாள்.

"என்னம்மா பாக்குறீங்க?" சவுண்டுக்காரர் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். வாடகை ஸ்பீக்கர்களோடு வந்தவர், இவர்களுக்குப் புதியவர். "மத்தியானம் போட்டுப் பார்த்தேன், காது கிழியுற மாதிரி இரைச்சல். பிரிச்சா கண்டன்சர் வீங்கிக் கிடக்குது. எடுக்கும்போதே உடைஞ்சுபோச்சு. புதுசு போட்டுட்டேன். இப்ப பாருங்க, ஊசி விழுந்தா கேக்கும்."

பேஸ் கிடார் வாசிக்கிற மொட்டை, தம்பியின் பள்ளித் தோழன், பாய்ந்து வந்தான். "யோவ், உன்னை யாருய்யா அதைத் தொடச் சொன்னது?"

சவுண்டுக்காரர் மிரண்டுபோனார். "இல்லப்பா... இறந்துபோனவர் பெட்டின்னு சொன்னாங்க. அது அசிங்கமா இரைஞ்சுக்கிட்டு இருந்தா நல்லாவா இருக்கும்? ஒரு மரியாதைக்குத்தான் செஞ்சேன்."

அக்கா மொட்டையின் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த மனிதர் மதியச் சாப்பாட்டைக்கூட விட்டுவிட்டு உட்கார்ந்து செய்த வேலை அது. சாப்பாட்டுப் பொட்டலம் பிரிக்காமல் ஸ்பீக்கர்மேல் இருந்தது.

"நல்லா பண்ணியிருக்கீங்கண்ணா" என்றாள். "நீங்க போய்ச் சாப்பிடுங்க."

அவர் போனதும் மொட்டை கிசுகிசுத்தான். "அக்கா, வேற ஏதாவது ஒயரைக் கழட்டி இரைய வைக்கட்டா?"

"அது இரைச்சல்டா" என்றாள் அக்கா. "அவன் இல்ல."

விளக்குகள் அணைந்தன. பெட்டியின் சிவப்புப் புள்ளி மட்டும் எரிந்தது. அதன் முன்னால் தம்பியின் கிடார் கிடந்தது. அக்கா மைக் முன்னால் வந்து நின்றாள். பிடித்துக்கொள்ள ஒரு சத்தமும் இல்லாமல் அவள் பாடத் தொடங்குவது இதுதான் முதல் முறை. ஞாபகத்தில் சுருதியைத் துழாவி எடுத்து முதல் வரியைப் பாடினாள். இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிட்டது, மேலே போய்விட்டாள். கூட்டத்தில் யாருக்கும் தெரிந்திருக்காது. அவளுக்குத் தெரிந்தது.

மூன்றாவது வரிக்கு முன்னால் நிறுத்தினாள். பாட்டில் அங்கே நிறுத்தமே கிடையாது. முதுகுப்பக்கம் காதைக் கொடுத்துக் காத்திருந்தாள். ஊசி விழுந்தால் கேட்கும் என்று அவர் சொன்னது உண்மைதான். அவ்வளவு சுத்தம். மொட்டை பேஸ் கம்பியில் விரலை வைத்தபடி அசையாமல் நின்றான். அவன் கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது. அவனும் அந்த இரண்டு வார்த்தைக்குத்தான் காத்திருந்தான்.

யாரும் சொல்லவில்லை.

அக்கா கண்ணை மூடி, அவளாகவே இறங்கினாள். சரியான இடத்துக்குத்தான் வந்தாளா என்று தெரியவில்லை. அதைச் சொல்லத் தெரிந்தவன் ஒருவன்தான். மொட்டை கம்பியை முறுக்கி அவள் நின்ற இடத்துக்கே தன் சுருதியைக் கொண்டுவந்தான். அவள் மூன்றாவது வரியைப் பாடினாள்.