மோட்டார் நின்ற சந்தோஷம்

கோடையில் உப்பளத்தை விட்டு நான் எந்தக் கல்யாணத்துக்கும் போனதில்லை. உப்புநீர் இறைக்கும் மோட்டார் நின்று பாத்தி வற்றினால் உப்பு கசந்துவிடும். பாத்தியில் உப்பு வாரும் சகாதேவனுக்கு மோட்டார் கொட்டகை தூரம். கடல்காற்றில் மோட்டார் நிற்பது கேட்காது. ஆனால் கோட்டக்குப்பத்தில் என் தோழி ஷமீமா மகளின் நிக்காஹ். போகாவிட்டால் அவள் ஆயுசுக்கும் என்னோடு பேசமாட்டாள்.

அதற்காகத்தான் தங்கை கலைமதி சி மொழியில் ஒரு புரோகிராம் எழுதினாள். கொட்டகையில் மோட்டாரின் கரண்டிலேயே ஓடும் சின்னப் பெட்டி அவள் கம்ப்யூட்டரோடு தொடர்பிலேயே இருக்கும். அந்தத் தொடர்பு அறுந்தால் என் போன் அலறும். நிக்காஹ் அன்று காலை, சோதிக்கலாமென்று கொட்டகை ஃபியூஸைப் பிடுங்கினேன். மோட்டார் நின்றது. போனில் மட்டும் 'ஓடுகிறது' என்றே இருந்தது.

"இன்னாடி, இந்த ரேணுகா காதுலயே பூ சுத்துறியா?" என்றேன்.

"பெட்டி சொல்லாம கொள்ளாம செத்துடுச்சுக்கா. அதோட பேசறதுக்கு எம் புரோகிராம் தொறந்து வச்ச வாசல், அதான் சாக்கெட்டு, அது தெரியாம காத்துட்டிருக்குது. அப்பப்ப 'இருக்கியா'ன்னு கேக்கறதுக்குக் கீப்அலைவ் ஆன் பண்ணித்தான் வச்சிருக்கேன்."

"எவ்ளோ நேரங்கழிச்சுக் கேக்கும்?"

அதைக் கலைமதி பார்த்து வைக்கவே இல்லை. மடையைத் திறந்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வருவது எங்கள் வீட்டுப் பழக்கம். சாக்கெட்டையும் அப்படித்தான் திறந்துவிட்டிருக்கிறாள்.

கெட்சாக்ஆப்ட் என்ற கட்டளையைத் தட்டி, சாக்கெட்டையே கேட்டாள். ஏழாயிரத்து இருநூறு நொடி என்றது.

"ரெண்டு மணி நேரம் சும்மா இருந்துட்டு, அப்புறந்தான் கேக்குமாம்க்கா."

"அதுக்குள்ள உப்பு இன்னா, நானே கசந்துடுவேன்."

செட்சாக்ஆப்ட் போட்டு அதை இருபது நொடியாக்கினாள். பதில் வராவிட்டால் எத்தனை முறை கேட்டுவிட்டுக் கைவிடுவது என்பதையும் குறைத்தாள். பிறகு மறுபடி சாக்கெட்டைக் கேட்டு, மாறியதா என்று பார்த்துக்கொண்டாள். ஃபியூஸை மாட்டி மோட்டாரை ஓடவிட்டேன்; மறுபடி பிடுங்கிப் பார்க்க நேரமில்லை, பஸ் வந்துவிட்டது.

மண்டபத்தில் மணப்பெண்ணைப் பார்த்ததைவிட நான் போனைப் பார்த்ததுதான் அதிகம். 'ஓடுகிறது' என்றே அது சொல்லிக்கொண்டிருந்தது. பொய்யோ மெய்யோ, யார் கண்டது?

பிரியாணியில் கைவைத்தேன். போன் அலறியது.

சகாதேவனைக் கூப்பிட்டேன். ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு, "ஆமாங்க்கா, இப்பத்தான் கரண்ட் போயிருக்குது. டீசல் இஞ்சினைப் போட்டுட்டேன். அங்கேருந்து உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்றான்.

போன் சொன்னது மெய்தான். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஷமீமா பதறி ஓடிவந்தாள்.

"என்னாச்சு ரேணுகா?"

"மோட்டார் நின்னுடுச்சு ஷமீமா," என்று அவளைக் கட்டிக்கொண்டேன். "இன்னொரு தட்டு வைக்கச் சொல்லு. ராத்திரி வரைக்கும் இங்கதான் இருக்கப்போறேன்."