வைக்கிறவரும் எடுக்கிறவரும்

மாஸ்டர் பூனை வைத்தால் ஒரு எலியும் தாண்டாது என்று அந்த வணிக வளாகம் முழுக்கப் பேச்சு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவரும் மாஸ்டர்தான். இரண்டாம் மாடியில் திரைச்சீலை தைக்கும் கடை அவருடையது. ஜன்னலை அளப்பதும் துணியை வெட்டுவதும் அவர் வேலை. மடிப்புத் தைப்பதும் வளையம் கோர்ப்பதும் இஸ்திரி போடுவதும் அவர் மனைவியின் வேலை. திரையை மாட்டிப் பார்த்துவிட்டு, "மாஸ்டர் கட்டிங்கே தனி" என்பார்கள் வாடிக்கையாளர்கள். மடிப்பெல்லாம் ஒரே சீராக விழுந்திருப்பதைப் பார்த்துத்தான் அப்படிச் சொல்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். சொல்லிக்காட்டும் பழக்கம் அவளுக்கு இல்லை. மனசுக்குள் குறித்துக்கொள்ளும் பழக்கம் நிறையவே உண்டு.

'பூனைக் காவல்' என்ற விளையாட்டை டேப்லெட்டில் ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனது வெளியூரில் படிக்கும் மகள். ஒரு தானியக் கிடங்கு, அதில் ஐந்து வரிசை. வலப்பக்கமிருந்து எலிகள் அலை அலையாக வரும். இடப்பக்கம் மூட்டைகள். ஒரு எலி மூட்டையைத் தொட்டாலும் ஆட்டம் முடிந்தது. அதனால் வரிசைக்கு வரிசை பூனைகளை வைத்து மறிக்க வேண்டும். மீன் முள்ளைத் துப்பும் பூனை உண்டு. அசையாமல் உட்கார்ந்து வழியை அடைக்கும் குண்டுப் பூனை உண்டு. எலியைக் குளிரில் விறைக்கவைக்கும் பனிப் பூனையும் உண்டு, விலைதான் அதிகம். பூனை எதுவும் சும்மா வராது, பால் கொடுக்க வேண்டும். பால் மேலேயிருந்து துளித்துளியாக விழும். விரலால் தொட்டால் குடத்தில் சேரும், விட்டால் மறைந்துபோகும். ஒவ்வொரு வரிசையின் கடைசியிலும் ஒரு துடைப்பம் சாத்தியிருக்கும். பூனைகளைத் தாண்டி எலி வந்துவிட்டால் அது ஒரே ஒரு தடவை ஓடி, அந்த வரிசையை வழித்துப் பெருக்கிவிட்டு மறைந்துவிடும்.

தனியாக ஆடினால் எல்லா வேலையும் ஒருவருக்கே. ஜோடி ஆட்டத்தில் ஒருவர் பூனை வைப்பார், இன்னொருவர் பால் எடுப்பார். யாருக்கு எது என்று இவர்கள் பேசி முடிவு செய்ததே இல்லை. முதல் நாளே மாஸ்டர் வைக்கிறவர் ஆகிவிட்டார், அவள் எடுக்கிறவள் ஆகிவிட்டாள்.

பால் எடுப்பதில் என்ன பெரிய வித்தை என்று கேட்பவர்கள் ஒரு முறை எடுத்துப் பார்க்கட்டும். வெள்ளைத் துளிகளுக்கு நடுவே லேசாக மஞ்சளடித்த புளித்த பாலும் விழும். அதைத் தொட்டால் குடத்தில் இருப்பது திரிந்து பாதியாகிவிடும். அலை ஓயும்போது ஏதாவது ஒரு மூலையில் பெரிய துளி விழும், சின்னத் துளிகளைத் துரத்துகிறவர்கள் கண்ணில் அது படவே படாது. குடம் நிறைந்திருக்கும்போது எடுத்தால் வழிந்து வீணாகும். ஆகவே மறையப் போகிற கடைசி நொடி வரை விட்டுவைத்துத் தொட வேண்டும். இன்னொன்றும் உண்டு, அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. கையில் பால் தாராளமாக இருந்தால் மாஸ்டர் நடு வரிசையில் பனிப் பூனையாக வாங்கித் தள்ளுவார். அதனால் அவருக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் எடுத்துக் கொடுப்பாள். பெருச்சாளி தலைகாட்டும் நேரத்துக்குக் குடம் கச்சிதமாக நிறைந்திருக்கும்.

"பாத்தியா, எனக்கு வேணுங்கறப்ப பால் தானா வந்து நிக்குது. ராசியான கை" என்பார் மாஸ்டர், தன் கையைத் தானே ரசித்தபடி.

அந்த ராசி எதிரே உட்கார்ந்து விரலை நீவிவிட்டுக்கொண்டிருக்கும்.

கீழ்த்தளத்து மொபைல் கடைக்காரர்கள் ஜோடிப் போட்டி வைத்தபோது மாஸ்டர் முதல் ஆளாகப் பதிந்தார். அணியின் பெயர் 'மாஸ்டர் அண்ட் கோ'. அந்தக் கோ தான்தான் என்று அவள் புரிந்துகொண்டாள். ஒவ்வொரு சுற்றாக ஜெயித்து அரையிறுதியையும் தாண்டினார்கள். போட்டியை நடத்திய இளைஞன் மாஸ்டரின் கையைப் பிடித்துக் குலுக்கி, "என்ன மூளை சார் உங்களுக்கு" என்றான். பிறகு அவள் பக்கம் திரும்பி, "நீங்க சாருக்கு ஹெல்ப்பாம்மா?" என்று கேட்டான். மாஸ்டர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சிரித்துக்கொண்டு நின்றார். பாராட்டு வந்தால் அவருக்குக் காது அடைத்துவிடும்.

அவளுக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. கோப்பை யாருக்கு வேண்டும்? தான் செய்வது ஹெல்ப் இல்லை என்று ஒரே ஒரு ஆளாவது தெரிந்துகொள்ள வேண்டும். அந்த ஆள் தன் வீட்டுக்காரராக இருந்தால் போதும்.

இறுதி ஆட்டத்தன்று நகரும் படிக்கட்டுக்குப் பக்கத்தில் மேடை போட்டு, இரண்டு பெரிய திரைகளை நிறுத்தியிருந்தார்கள். எதிரணி முதல் மாடி அழகு நிலையத்து அக்காவும் தங்கையும். இரண்டு அணிக்கும் ஒரே எலிப் படை, யார் கிடங்கு கடைசி வரை நிற்கிறதோ அவர்களுக்கு வெற்றி. அந்த இளைஞன் மைக்கைப் பிடித்துக்கொண்டு குண்டைத் தூக்கிப் போட்டான். "இன்னைக்கு கை மாறும் ஆட்டம். பாதியில மணி அடிக்கும். வைக்கிறவங்க எடுக்கணும், எடுக்கிறவங்க வைக்கணும்."

மாஸ்டருக்கு முகம் வெளிறிவிட்டது. அப்படி ஒரு ஆட்டம் விளையாட்டுப் பட்டியலில் இருப்பது அவருக்குத் தெரியும். "அது எதுக்கு? அவங்கவங்க வேலை அவங்கவங்களுக்கு" என்று அதைத் திறக்கவே விடாதவர் அவர்தான்.

"நீ பயப்படாதே. மணி அடிக்கறதுக்குள்ள எல்லாத்தையும் பலமா கட்டி வச்சுடறேன்" என்றார்.

"நான் எங்கங்க பயந்தேன்?" என்றாள் அவள்.

அவள் பயப்படவில்லை என்பது உண்மை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மாஸ்டர் வெட்டு மேஜையில் துணிச் சுருளைத் தலைக்கு வைத்துக் குறட்டை விடும் நேரத்தில், அவள் முடிவில்லா ஆட்டத்தைத் தனியாக ஆடிக்கொண்டிருந்தாள். வைப்பதும் அவளே, எடுப்பதும் அவளே. அறுபத்தெட்டு அலை என்று டேப்லெட்டில் பதிவாகியிருந்ததைப் பார்த்து, "நம்ம பொண்ணு லீவுக்கு வந்தப்ப போட்டிருக்கா, என் மூளை அப்படியே வந்திருக்கு" என்று மாஸ்டர் பூரித்துப்போனார். அவள் அதையும் மனசுக்குள் குறித்துக்கொண்டாள்.

ஆட்டம் தொடங்கியது. மாஸ்டர் வழக்கம்போல நடு வரிசையைக் கோட்டையாக்கினார். பனிப் பூனை ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஐந்தாவது வரிசை காய்ந்து கிடந்தது. ஒரு ஓட்டக்கார எலி அதில் புகுந்துவிட்டது. துடைப்பம் ஓடியது. கூட்டம் 'ஐயோ' என்றது. துடைப்பத்தை ஓடவிடுகிறவன் ஆட்டக்காரனே இல்லை என்பது மாஸ்டரின் கொள்கை. காது மடல் சிவக்க இன்னொரு பனிப் பூனைக்குக் கையை நீட்டினார். குடத்தில் அதற்குப் போதுமான பால் இல்லை, அவள் எடுக்காமல் விட்டிருந்தாள்.

மணி அடித்தது.

மாஸ்டர் பால் எடுத்த அழகை என்னவென்று சொல்வது. முதல் தொடுதலே புளித்த பால். சேர்ந்திருந்ததில் பாதி போனது. பதறிப்போய் இரண்டு கையாலும் சின்னத் துளிகளைத் துரத்தினார். தொடுவதற்குள் ஒவ்வொன்றாக மறைந்தது. மேல் மூலையில் பெரிய துளி வந்து, காத்திருந்து, போயே போய்விட்டது. "என்னம்மா இது, நிக்கவே மாட்டேங்குது" என்று முனகினார். நெற்றியில் வியர்வை துளிர்த்தது.

ஐந்தாவது வரிசையில் பெருச்சாளி நுழைந்தது. அங்கே பூனை இல்லை, துடைப்பமும் இல்லை. குடத்தில் ஒரு பூனைக்குக்கூடப் பால் காணாது.

அவள் திரையோரத்தில் இருந்த கூடையைத் தொட்டாள். கூடையில் தூக்கிப் போட்டால் பூனை போய்விடும், கொடுத்த பாலில் பாதி திரும்பி வரும். நடு வரிசையிலிருந்து முதல் பனிப் பூனையைத் தூக்கினாள்.

"ஏய், அது என் பனிப் பூனை."

"நடுவுல எலி இல்லங்க. அஞ்சுல இருக்கு."

இரண்டாவதையும் தூக்கினாள். வந்த பாலுக்கு ஐந்தாவது வரிசையில் ஒரு குண்டுப் பூனையை உட்காரவைத்து, அதன் முதுகுக்குப் பின்னால் முள் துப்பும் பூனையை வைத்தாள். பெருச்சாளி குண்டுப் பூனையில் முட்டிக்கொண்டு நின்றது. மூன்றாவதையும் நான்காவதையும் தூக்கியபோது மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். கோட்டை காலி. நடு வரிசையில் மிஞ்சியது யாரும் தொடாத அந்தத் துடைப்பம் மட்டும். எலிக்கூட்டம் வழி கிடைத்ததென்று அதிலேயே திரண்டு வந்தது. அவள் வரவிட்டாள். கடைசி எலியும் வரிசைக்குள் வந்த பிறகு துடைப்பம் ஓடியது. ஒற்றைப் பெருக்கில் அந்தக் கூட்டம் முழுவதும் காணாமல் போனது.

"ஏங்க, இங்க கவனிங்க. சின்னதையெல்லாம் விடுங்க. மூலையைப் பாருங்க" என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "மஞ்சளைத் தொடாதீங்க. பொறுங்க. இன்னும் பொறுங்க. இப்ப."

மாஸ்டர் தொட்டார். பெரிய துளி குடத்தில் விழுந்தது. சின்னக் குழந்தை மாதிரி அவர் முகம் மலர்ந்தது. "கிடைச்சிருச்சும்மா" என்றவர், அடுத்த நொடியே குரலை இறக்கி, "தினமும் இதையா பண்ணிட்டிருந்தே?" என்று கேட்டார்.

"ஆமா. அடுத்தது கீழ் மூலை, விட்டுடாதீங்க."

அவர் விடவில்லை. அவள் அந்தப் பாலை ஐந்து வரிசைக்கும் பார்த்துப் பார்த்துப் பங்கிட்டாள். அடுத்த அலை அழகு நிலையத்தாரின் இரண்டாவது வரிசையை உடைத்துக்கொண்டு மூட்டையைத் தொட்டது. இவர்கள் கிடங்கு நின்றது. அக்காவும் தங்கையும் எழுந்து வந்து அவள் கையைத்தான் முதலில் பிடித்தார்கள்.

இளைஞன் மைக்கோடு மாஸ்டரிடம் ஓடினான். "சார், பூனையையே தூக்கி எறிஞ்சு ஜெயிச்சிருக்கீங்க. அந்த யோசனை எப்படி வந்துச்சு?"

அவள் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு நின்றாள்.

மாஸ்டர் மைக்கை வாங்கி ஒரு முறை தொண்டையைச் செருமினார். "அதை அவங்ககிட்ட கேளுங்க தம்பி. நான் பால்தான் எடுத்தேன். அதுவும் பாதிக்கு மேல கோட்டை விட்டுட்டேன். இத்தனை நாளும் எனக்கு ராசியான கைன்னு ஊரெல்லாம் சொல்லிட்டிருந்தேன். அந்தக் கை இவங்களோடது." சொல்லிவிட்டு மைக்கை அவளிடம் நீட்டினார்.

அவள் மைக்கை வாங்கிக்கொண்டாள். "கடைசி ரெண்டு துளியும் அவர் நல்லா எடுத்தார்" என்றாள். அதைச் சொல்லும்போது அவளுக்கு வந்த பெருமிதத்தை மேடை தாங்கியதே பெரிய விஷயம்.

கோப்பையைச் சுமந்துகொண்டு மாடியேறும் வழியில் மாஸ்டர் ஒரு கடையையும் விடவில்லை. செருப்புக் கடைக்காரரிடம் அவள் நான்கு பூனையைத் தூக்கியதாகச் சொன்னார். கடிகாரக் கடையில் அது எட்டாயிற்று. கண்ணாடிக் கடைக்கு வருவதற்குள் கண்ணை மூடிக்கொண்டே தூக்கினாள் என்றானது. தன்னைப் பற்றி அளப்பதைவிட அவளைப் பற்றி இரண்டு முழம் கூடவே அளந்தார். அவள் மறுக்காமல் கேட்டுக்கொண்டு வந்தாள்.

தங்கள் கடைக்கு முந்தின படிக்கட்டில் திடீரென்று நின்றார். "அந்த அறுபத்தெட்டு அலை?"

"நான்தான்."

"நான் தூங்கறப்பவா? என்னையும் எழுப்பியிருக்கலாம்ல."

"உங்களை வச்சுக்கிட்டா? பத்தைத் தாண்டியிருக்க மாட்டேன்."

மாஸ்டர் கோப்பையை அவள் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பி, விறுவிறுவென்று படியிறங்கினார். கண்ணாடிக் கடைக்காரரிடம் இதையும் சொல்லியாக வேண்டும்.