முதுகு காட்டி நிற்பவள்

மெட்ராஸிலிருந்து அந்தப் படம் வந்து சேர்ந்த நாளிலிருந்து ஜெபசீலிக்கு ஒரு வரிகூட உருப்படியாக ஓடவில்லை.

தீபாவளி மலரில் அப்படித்தான் வழக்கம். வண்ணப் படங்களை முதலிலேயே அச்சடித்து முடித்துவிடுவார்கள். கதையைப் பிறகு படத்துக்குத் தக்கபடி எழுதித் தரவேண்டும். பத்திரிகைகளுக்கு எழுதிக் கொடுப்பதையே பிழைப்பாகக் கொண்டிருந்த ஜெபசீலிக்கு மலரில் இடம் கிடைத்தது இதுதான் முதல் தடவை. திங்கட்கிழமைத் தபாலில் கதை புறப்படாவிட்டால் வேறொருவரிடம் கேட்க வேண்டியிருக்கும் என்று உதவி ஆசிரியர் கார்டு போட்டிருந்தார்.

மலரில் அந்தப் பக்கம் போனால் போகட்டும் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். அவளாலேயே அதை நம்ப முடியவில்லை. கோடை முதலே எழுத்து தடுமாறிக்கொண்டுதான் இருந்தது. சொற்கள் வந்துகொண்டிருந்த வாய்க்கால் எங்கோ தூர்ந்துவிட்டதோ என்ற பயம், அரிசி களையும்போதும் ஜெபம் சொல்லும்போதும் பக்கத்திலேயே நின்றது. இனி எழுதவே வராதோ?

படத்தில் ஒரு பெண் முதுகு காட்டி நிற்கிறாள். சேலையின் ஓரம் நனைந்திருக்கிறது. அவளுக்கு முன்னால் தண்ணீர், தண்ணீருக்கு அப்பால் வானம். ஜெபசீலி கடலைப் பார்த்ததில்லை.

கறிவேப்பிலை கேட்டு வந்த பக்கத்து வீட்டு நாகம்மா, ஜன்னலோரம் ஒட்டியிருந்த படத்தை உற்றுப் பார்த்தாள்.

"நம்ம கிருஷ்ணகிரி டேமுதானேக்கா இது?"

"கடல், நாகம்மா."

"கடலுன்னா உப்பா இருக்குமாமே. இதப் பாத்தா அப்படித் தெரியலியே."

"நக்கிப் பாத்துட்டுச் சொல்லு."

"அய்ய! உப்பு உங்க மூஞ்சியிலதான் இருக்குது. அழுதீங்களா?" பதிலுக்குக் காத்திராமல் நாகம்மா மறுபடி படத்தின் பக்கம் திரும்பினாள். "பாவம், இவ யாருக்காவ நிக்கறா?"

ஜெபசீலிக்கும் அதுதான் தெரியவில்லை. மூன்று விதமாக எழுதிப் பார்த்துவிட்டாள். கப்பலில் போன மகனுக்காக நின்றாள். மூழ்கிப்போன கணவனுக்காக நின்றாள். பேசாமல் பிரிந்த தங்கைக்காக நின்றாள். மூன்றிலும் கடைசி வரியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்ப வேண்டும். ஜெபசீலியின் கதைகளில் பெண்கள் எல்லாரும் அப்படித் திரும்பிவிடுவார்கள். பத்திரிகைகளுக்கு அது பிடிக்கும். தனக்கும் பிடிக்கும் என்றே அவள் இத்தனை நாள் நினைத்திருந்தாள். இந்தப் பெண் மட்டும் திரும்ப மாட்டேன் என்றாள். கனவில்கூட அவள் தோளைத் தொடப்போனால் தோள் இன்னும் ஓர் அடி தள்ளிப் போயிற்று.

மாலையில் வேலையிலிருந்து வந்த கணவன் பிரகாசமும் படத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"ஓரமா ரெண்டு ஷட்டர் வெச்சா டேமேதான். ஒருவாட்டி அங்க போய்ட்டு வா சீலி. அதையே கடலுன்னு எழுதிடு. மெட்ராஸ்காரனுக்கு என்னா தெரியும்?"

"கடல் ஒண்ணுதாங்க அவங்களுக்கு நல்லாத் தெரியும்."

சனிக்கிழமை காலை அவள் உண்மையிலேயே பஸ் ஏறினாள். சூளகிரிப் பாறைகள் பனிக்குள் பாதி கரைந்து நின்றன. குருபரப்பள்ளியில் யாரோ கன்னடத்தில் சண்டை போட்டுக்கொண்டே ஏறி, தெலுங்கில் சமாதானமாகி உட்கார்ந்தார்கள். கிருஷ்ணகிரியில் பஸ் மாறி அணைக்கட்டுப் பாதையில் இறங்கியபோது, எதற்காக வந்தோம் என்பதே அவளுக்குத் தெளிவாக இல்லை.

புரட்டாசித் தண்ணீர் நிறைந்து கிடந்தது. கரையோரமாக நெடுந்தூரம் நடந்தாள். ஆளில்லாத சரிவில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கணுக்கால் நனைய நின்றாள். எதிர்க்கரை மலைகளைப் பனி விழுங்கியிருந்தது. தண்ணீர் எங்கே முடிகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தவளுக்கு, மெல்ல மெல்லத் தன் முகம் மறந்துபோயிற்று. முதுகு மட்டும் இருந்தது. வெயில் அதன்மேல் ஒரு கை போல மெதுவாக வந்து படிந்தது. பெயர்கூடத் தூரத்தில் யாருடையதோ போலிருந்தது.

"ஏம்மா! ஏம்மா!"

அணையின் காவல்காரர் மூச்சு வாங்க ஓடி வந்தார்.

"வீட்ல எதுனா சண்டையாம்மா? எதுவா இருந்தாலும் பேசித் தீத்துக்கலாம். மேல ஏறி வா தாயி."

அவர் என்ன நினைத்துவிட்டார் என்பது புரிய ஒரு கணம் பிடித்தது. "அய்யோ, அதெல்லாம் ஒண்ணுமில்லண்ணா."

"அப்ப யாருக்காவ நிக்கறே?"

"யாருக்காவும் இல்ல. சும்மா."

"பொம்பள ஒருத்தி தனியா வந்து சும்மா நிப்பாளா? யாருகிட்ட கத விடறே?"

ஜெபசீலிக்குச் சிரிப்பு வந்தது. பின்னாலேயே என்னவோ போலவும் ஆயிற்று. இத்தனை நாள் தானும் அந்தப் பெண்ணின் பின்னால் இப்படித்தானே ஓடிக்கொண்டிருந்தோம்? மகனைக் கொடுத்து, சாவைக் கொடுத்து, ஒரு காரணத்தைச் சொல் என்று பிடித்து இழுத்துக்கொண்டு. தண்ணீரைப் பார்க்க ஆசையாக இருந்தது என்றால் ஏன் போதவில்லை? எனக்கே ஏன் போதவில்லை?

காவல்காரரின் நிம்மதிக்காக மேலே ஏறி அணைக்கரை மரத்தடியில் உட்கார்ந்தாள். அவரும் நம்பிக்கையில்லாமல் சற்றுத் தள்ளி உட்கார்ந்து பீடி பற்றவைத்தார். அவள் பையிலிருந்து தாளை எடுத்தாள். முதல் வரி வந்தது. அதன் விரலைப் பிடித்துக்கொண்டு அடுத்தது வந்தது. கதையில் அலை இல்லை, உப்பு இல்லை, கப்பலும் இல்லை. காலையில் உலையை இறக்கி வைத்துவிட்டு வந்த ஒருத்தி, கால் நனைய நிற்கிறாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. பொழுது அவளைச் சுற்றி மெதுவாக நிறம் மாறுகிறது.

ஞாயிறு, கோயில் முடிந்து வந்து பிரகாசம் அதைப் படித்தார். கடைசித் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார்.

"இவ வீட்டுக்குப் போவலியே?"

"போவல."

"ரெண்டு வரி சேத்துடு சீலி. மெட்ராஸ்ல கேப்பாங்க."

"கேக்கட்டுங்க." அவள் தாள்களை மடித்து உறைக்குள் வைத்தாள்.

"வேணாம்னு திருப்பி அனுப்பிட்டா?"

"வேற ஒண்ணு எழுதுவேன்."

சொன்ன பிறகுதான், அது வெறும் வீம்பு இல்லை என்று அவளுக்கே தெரிந்தது. உறையின் ஓரத்தில் சோற்றுப் பசையைத் தடவி, உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.