கூரையோரத்துக் கோணல்

வட்டக்கானல் அருள்மேரிக்குக் கோணல் என்றாலே ஆகாது. இருபது வருடம் வெள்ளைக்காரர் பங்களாவில் வேலை பார்த்தவள். சுவரில் படம் அரை விரல் சாய்ந்திருந்தாலும் கை பரபரக்கும். பூசைக்கு நடுவில் எழுந்துபோய்ப் பீடத்து மெழுகுவர்த்தியை நிமிர்த்திவிட்டு வந்த மகராசி அவள்தான்.

அப்பேர்ப்பட்டவள் மண்சுவர் எழுப்பித் தகரக் கூரை போட்டுச் சொந்தமாக ஒரு வீடு கட்டினாள். போன ஐப்பசியில் கூரைத் தண்ணீர் கொட்டிக் கொட்டியே மேற்குச் சுவர் கரைந்து விழுந்துவிட்டது. பிள்ளைகளோடு ஒரு மாதம் அடுத்தவர் வீட்டில் ஒண்டிக் கிடந்தது அவளுக்கு இன்னும் ஆறவில்லை. சுவரை மறுபடி எழுப்பியாயிற்று. இந்த மழைக்கும் விழுந்தால் இன்னொரு தடவை எழுப்ப அவளுக்குத் தெம்பில்லை.

அதனால்தான் தகர வேலைக்கார சேனாதிபதியை வரவழைத்தாள். மனுசன் கெட்டிக்காரர். சாரல் உள்ளே அடிக்காதபடி கூரை நீட்டத்தின் அடியில் பலகை அடைத்தார். கூரையோரம் நெடுகத் தண்ணீரை ஏந்தத் தகர வாய்க்கால் செய்து, அந்தப் பலகையில் கொக்கி அடித்து மாட்டினார். அதன் முனையில் குழாய், குழாய்க்குக் கீழே பீப்பாய்.

அருள்மேரி முற்றத்தில் நின்று ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தாள்.

"அண்ணே, குழாய்ப் பக்கம் எறங்கிக் கெடக்கே!"

"எறங்கித்தான் தாயி இருக்கணும். இல்லேன்னா தண்ணி எப்படி ஓடும்?"

"ஞாயித்துக்கெழம பங்களா அம்மா வீடு பாக்க வாராங்க. இந்தக் கோணலக் காட்டவா இம்புட்டுப் பாடுபட்டேன்? நேராக்குங்கண்ணே."

சேனாதிபதி தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகச் சொல்லிப் பார்த்தார். அவள் மசியவில்லை. கடைசியில் நான்கு கொக்கிகளைப் பிடுங்கி மேலே ஏற்றி அடித்துவிட்டு, "ஒங்க வீடு, ஒங்க சுவரு" என்று மன்னவனூருக்கு வேறு சோலி பார்க்கக் கிளம்பிவிட்டார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மழை பிடித்தது. வாய்க்கால் கோடு போட்டாற்போல நேராக நின்றது. அருள்மேரிக்குப் பெருமை தாங்கவில்லை. கால் மணி நேரத்தில் அது நிரம்பித் தளும்பியது. சரிவில்லாததால் குழாய்ப் பக்கம் தண்ணீர் பேருக்குத்தான் நகர்ந்தது. நடுவில் வழிந்து நேரே மேற்குச் சுவரில் இறங்கியது. செம்மண் குழைந்து ஒழுகத் தொடங்கியது.

புருசன் சிலுவைராஜ் பள்ளிக்கூடத்துச் சமையல்கட்டில் இருந்தான். கூப்பிட ஆளில்லை. சேலையை வரிந்து கட்டி, கோடரியை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினாள். பலகையில் பழைய ஆணித் துளைகள் அப்படியே இருந்தன. "மாதாவே, இந்த மடச்சிக்காக இல்லேன்னாலும் பிள்ளைகளுக்காகப் பாரு" என்று புலம்பியபடி ஒவ்வொரு கொக்கியாகப் பிடுங்கி, பழைய துளையில் வைத்துக் கோடரிப் பின்புறத்தால் அடித்தாள். நான்காவது கொக்கி இறங்கியதும் தண்ணீர் குபுகுபுவென்று குழாய்க்கு ஓடிப் பீப்பாயில் விழுந்தது. நனைந்த கோழியாக ஏணியிலேயே நின்று சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பங்களா அம்மா வந்தார். வாசலிலேயே நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தார். வேலைக்காரிக்கு நேர்க்கோடு பழக்கியவர் ஆயிற்றே!

"மேரி, அது என்ன, கோணலா இருக்குது?"

சிலுவைராஜ் சிரிப்பை அடக்க முடியாமல் தோட்டத்துப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"ஆமாங்கம்மா. நானே ஏறி அடிச்ச கோணலு" என்றாள் அருள்மேரி. "வாங்க, மொதல்ல எங்க மேக்குச் சுவரக் காட்டுறேன்."